செருப்பைக் கழற்றும் இடம்

புதுவாயல்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஆசீர்வாதம் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஒடிசா மலைக்குளிருக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கிக்கொண்டாயா, இல்லை கான்வென்ட் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நீ நடுங்கிக்கொண்டிருக்கிறாயா?

இங்கே நான் இருக்கிறேன், என் காதுதான் இல்லை. ரோலிங் மில் இடது காதை முழுசாகத் தின்றுவிட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். நீ மலை மேல் ஏறி சிக்னல் பிடித்துப் பேசினாலும் எனக்குக் கொரகொரவென்றுதான் கேட்கிறது. செல்போனில் தட்டி அனுப்பு என்கிறாள் என் மகள் ஷைனி. இரும்பு புரட்டுகிற விரலுக்கு அந்தச் சின்னக் கட்டத்தில் எழுத்து அகப்பட மாட்டேன் என்கிறது. அதனால் பழையபடி கடிதம்.

முத்தம்மாவை லாரி தட்டியதை ஷைனி போனில் சொன்னாள் அல்லவா? முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். சுகருக்குத் தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னார். எங்கே நடப்பது? ஊருக்குள்ளே சந்து, வெளியே கம்பெனி காம்பவுண்டுச் சுவர், அதை விட்டால் ஹைவே. சர்வீஸ் ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தவளை ஒரு டிரெய்லர் பின்பக்கத்தால் தள்ளிவிட்டுப் போய்விட்டது. இடுப்பு எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரி பிழைத்ததே பெரிது.

அதற்கப்புறம் ஊரில் ஒரு குழு போட்டோம். ராஜமாணிக்கம் ஐயா தலைவர். அம்மா காலமெல்லாம் நாற்று நட்டது அவர் அப்பா நிலத்தில்தான். ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை, பிள்ளைகள் விளையாட ஒரு திறந்த இடம், இதுதான் திட்டம். ஏரிக்கரை சர்க்காருடையது, சிக்கல் இல்லை. மேற்குப் பக்கம் முழுக்கப் பட்டா நிலம். அதைத் துண்டு துண்டாக வாங்கினால்தான் பாதை சுற்றி வந்து சேரும். நிலம் வாங்க சிப்காட்டில் ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். என்று ஊர்நலப் பணம் தருகிறது. பாதை போடுவது பஞ்சாயத்து. மற்றவர்கள் எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். நடுவில் நம்முடைய இருபது சென்ட் மட்டும் பாக்கி.

அது உன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது. அம்மா அங்கே இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புயல் வந்த டிசம்பரில் கல்லறைத் தோட்டம் இடுப்பளவு தண்ணீரில் கிடந்தபோது, முழுகாத மேடு அது ஒன்றுதான் என்று புங்கமரத்தடியில் வைத்தோம். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் பழைய ஃபாதர். நீ வந்ததும் சேர்ந்து மாற்றலாம் என்று விட்டுவிட்டோம்.

நீ சொல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன். யோசித்து எழுது.

உன் தம்பி,
ஆசீர்வாதம்


ஒடிசா
28 ஜனவரி 2025

அன்பான தம்பிக்கு அக்கா சுகிர்தா. கடவுள் உங்கள் எல்லாரையும் காப்பாராக. முத்தம்மாவைக் குனிய விடாதே. வீடு கூட்டுகிற வேலையை நீ செய், செத்துவிட மாட்டாய். கம்பளி சாக்ஸ் விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது?

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நடக்க இடமில்லாமல் ஒருத்தி லாரியில் அடிபட வேண்டுமா? இந்த மலையில் நடக்கத்தான் இடம், வேறொன்றும் கிடையாது. நிலத்தைக் கொடு. அப்பா மில்லில் செத்ததற்கு வந்த பணத்தில் அம்மா வாங்கிய நிலம் அது. நாற்று நட்டு நட்டு இடுப்பு ஒடிந்தவள் அவள். இடுப்பு ஒடிந்த மருமகள் அங்கே நடந்தால் வேண்டாம் என்றா சொல்வாள்?

ஆனால் ஒன்று. அம்மாவைச் சுற்றி வேலி போட வேண்டும். சிலுவை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பாதை வளைந்து போகட்டும். அவள் மேல் ஒருத்தர் கால் படக் கூடாது, ராஜமாணிக்கம் கால் படவே கூடாது. இதை அந்தக் குழுவில் எழுத்தில் வாங்கு.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. ரயிலெல்லாம் நின்றுவிட்டது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அப்புறம் இரண்டு நவம்பர் போய்விட்டது. ஒரு தடவை பிள்ளைகளுக்கு மலேரியா, ஒரு தடவை லீவு இல்லை. அம்மா கல்லறையை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். நான் வந்து நிற்க அந்த இடம் இருக்க வேண்டும்டா. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா


புதுவாயல்
19 பிப்ரவரி 2025

அக்காவுக்கு வணக்கம். நீ தந்த தைரியத்தில் இங்கே வேலை வேகமாக நடக்கிறது. முத்தம்மாவுக்குப் பிளேட் சரியாக உட்காரவில்லையாம், அடுத்த மாதம் மறுபடி ஆபரேஷன். ஜெபம் செய்.

தணிகைவேல் என்று ஓர் இளவயசு இன்ஜினியர் வந்திருக்கிறார். சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே பாதையை வரைந்துகொண்டு போகிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலை அடைக்கக் கூடாது, மாடு இறங்குகிற இடத்தை விட்டுவிட வேண்டும், தடி ஊன்றி நடப்பவர்களுக்கு ஏற்ற இறக்கம் கூடாது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டு வரைகிறார். பெண்களெல்லாம் எட்டு போட்டு நடக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். உனக்குத் தெரியாது, இங்கே இப்போது அதுதான் வைத்தியம். எட்டு மாதிரி கோடு போட்டு அதன் மேலேயே சுற்றிச்சுற்றி நடப்பார்கள், சுகர் இறங்குமாம். அதற்கு மழையில் முழுகாத மேடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி லாயர் அம்மாவும் வந்தார். கட்டடம் இருக்கிறதா, கோயில் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று நடந்துகொண்டே கேட்டார். நம் துண்டில் வந்ததும் என்னவோ கேட்டார். பக்கத்தில் டிராக்டர் ஓடியது, எனக்குக் காதில் விழவில்லை. ராஜமாணிக்கம் ஐயா "ஒன்னும் இல்லமா" என்று கையை ஆட்டினார், லாயர் அம்மா போய்விட்டார்.

மார்ச் முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும். கம்பெனிக்கு அது வருஷக் கணக்கு, தாண்டினால் பணம் திரும்பிப் போய்விடும், மொத்தத் திட்டமும் போச்சு. அதனால் பவர் பத்திரம் சீக்கிரம் அனுப்பு.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கடப்பாரை வழுக்கி உள்ளங்கை கிழிந்துவிட்டது.

ஆசீர்வாதம்


ஒடிசா
8 மார்ச் 2025

தம்பிக்கு, தவக்கால நினைவுகளுடன். முத்தம்மாவின் ஆபரேஷன் நல்லபடி முடியப் பிள்ளைகள் எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்து ஜெபமாலை சொல்ல வைத்தேன். பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கடவுளுக்கு அது பழக்கம்தான்.

பவர் பத்திரம் இதோடு இருக்கிறது. ஜீப்பில் மலையை விட்டு இறங்கி, நோட்டரி வாசலில் காத்துக்கிடந்து கையெழுத்துப் போட்டேன். நோட்டரி 'எதற்கு விற்கிறீர்கள்' என்றார். ஊர்ப் பெண்கள் நடக்க என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, இரண்டு தரம் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு கேள்வி. லாயர் அம்மா கேட்டது உன் காதில் விழவில்லை, சரி. பிறகு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டாயா? அடுத்தது, ரோலிங் மில்லில் கடப்பாரைக்கு என்ன வேலை? காயத்தை டாக்டரிடம் காட்டு. மஞ்சளை அப்பிக்கொண்டு திரியாதே.

வேலி போட்டதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல் ஷைனியிடம்.

அக்கா


புதுவாயல்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு உயிர்ப்பு விழா வாழ்த்துக்கள். பதில் தாமதம். முத்தம்மா சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ஷைனி லீவு போட்டுக்கொண்டு கூடவே இருந்தாள், நான் மில்லுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கர் பிடித்து நிற்கிறாள். வாய் மட்டும் முன்னைப்போல ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்குத்தான் பாதி கேட்பதில்லை.

பத்திரம் பதிவாகிவிட்டது. கடைசி நாளுக்கு முந்தின நாள். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் கூட்டமோ கூட்டம். உன் பங்கை உன் கணக்கில் போட்டுவிட்டேன். வேலை ஆரம்பித்துவிட்டார்கள். ராஜமாணிக்கம் ஐயா அவர் நிலத்தில் ஒரு பட்டையைப் பாதைக்குச் சும்மா கொடுத்திருக்கிறார், நான் எதிர்பார்க்கவில்லை.

வெயில் தாங்க முடியவில்லை. மாங்காய் இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. உனக்கு ஊறுகாய் போட்டு அனுப்ப வேண்டும் என்கிறாள் முத்தம்மா.

வேறு விசேஷம் இல்லை.

ஆசீர்வாதம்


ஒடிசா
29 ஜூன் 2025

தம்பிக்கு அக்கா. எல்லாரும் சௌக்கியமா? மே மாதம் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரரைத் திட்டலாம் என்று பார்த்தால், ஊறுகாய் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஊறுகாயைக் கொண்டுவருகிற தபால் உன் கடிதத்தை மட்டும் தின்றுவிட்டதா?

நான் கேட்டவை உனக்கு மறந்திருக்கலாம், திரும்பக் கேட்கிறேன். வேலி போட்டாயிற்றா? சிலுவைக்கு வர்ணம் அடித்தாயா? போட்டோ எங்கே? உன் ஏப்ரல் கடிதத்தில் மாங்காய் இருக்கிறது, வெயில் இருக்கிறது, ராஜமாணிக்கம் இருக்கிறார். அம்மா இல்லை.

ஒரு நல்ல சேதி. இந்த நவம்பருக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு நான் அங்கே இருப்பேன். மதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், மனசு மாறிவிடப் போகிறார் என்று பயம். ஆந்திராவில் விஜயநகரம் வந்து ரயில் ஏற வேண்டும். அந்த ரயில் நம் கும்மிடிப்பூண்டியை விர்ரென்று தாண்டிப் போய் சென்ட்ரலில் இறக்கிவிடும். பிறகு லோக்கல் யூனிட் ரயிலில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். பரவாயில்லை.

அம்மாவுக்கு இங்கேயிருந்து என்ன பூ கொண்டுவரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


புதுவாயல்
24 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு அன்பு வணக்கம். உடம்பு எப்படி? நீ கோபமாக இருப்பாய். மில்லில் டபுள் டூட்டி, எழுத உட்கார முடியவில்லை.

பதினைந்தாம் தேதி மாதா திருநாளும் சுதந்திர தினமும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத் திறந்துவிட்டார்கள். அக்கா, நீ பார்க்க வேண்டும். ஏரியைச் சுற்றிப் பாதை முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. திறந்த இடத்தில் வடநாட்டுப் பையன்கள் ஷிப்டு முடிந்து வந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள், நம் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிறார்கள். சாயங்காலம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

முத்தம்மா தடி ஊன்றி எட்டில் ஒரு சுற்று முழுசாக நடந்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பாத்துகினியா, நான் நடந்துட்டேன்யா" என்று அழுதாள். லாரி சத்தம் இல்லாமல், பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எட்டு மாதமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

அம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியாயிற்று. சிலுவைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். மார்ச்சிலேயே நடந்துவிட்டது, அவசரத்தில் உனக்குச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் மழை இந்த வருஷம் பலமாக இருக்குமாம். உன் மூட்டு வலியோடு அவ்வளவு தூரம் வர வேண்டுமா? கோடையில் வாயேன்.

திறப்பு விழா போட்டோ ஒன்றை ஷைனி உள்ளே வைக்கிறாள்.

ஆசீர்வாதம்


ஒடிசா
9 செப்டம்பர் 2025

ஆசீர்வாதம்,

முத்தம்மா நடந்தாள் என்று படித்து நானும் அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போட்டோ வந்தது. எட்டுப் பாதையில் ஊரே நிற்கிறது. ராஜமாணிக்கம் ஷூ போட்டிருக்கிறார், பெண்கள் செருப்போடு நிற்கிறார்கள். நீ மட்டும் வெறுங்காலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

முதலில் எனக்குக் கொதித்துப்போய்விட்டது. அவர்கள் தெரு வழியாகப் போகும்போது அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார் என்று அம்மா சொல்வாளே, அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்களா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன். காலனி ஆட்கள் எல்லாரும் செருப்போடுதான் நிற்கிறார்கள். உனக்குப் பின்னால் ஒரு மரம், அடியிலேயே இரண்டாகப் பிரிந்த மரம். அடக்கத்தன்று எடுத்த போட்டோ என் பைபிளுக்குள் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

மாற்றியாயிற்று என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தேதி? எந்த ஃபாதர் ஜெபம் சொன்னார்? யார் தோண்டினார்கள்? தாசில்தார் கேட்டால் வாரிசு என்று என் கையெழுத்தும் வேண்டுமே, யார் போட்டது? அம்மாவை எடுத்து வைத்தவன் அதை மூன்று வரியில் எழுத மாட்டான்டா. உன்னை எனக்குத் தெரியும். மாட்டுக்குக் கன்று பிறந்ததை நாலு பக்கம் எழுதுகிறவன் நீ.

அம்மா எங்கே?

சுகிர்தா


புதுவாயல்
26 செப்டம்பர் 2025

அக்கா,

அம்மா இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

உன் கடிதம் வந்து பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய் வந்தேன். இனி முடியாது, எழுதிவிடுகிறேன். லாயர் அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. வலது காதில் தெளிவாகக் கேட்டது. "இங்க யாரையாவது பொதைச்சிருக்கா?" என்றுதான் கேட்டார். நான் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தேன். ராஜமாணிக்கம் ஐயா புயலின்போது சென்னையில் இருந்தவர், அவருக்குத் தெரியாது, இல்லை என்று சொல்லிவிட்டார். செவிடன் என்று என்மேல் இரக்கப்பட்டு அந்த அம்மா மேலே கேட்கவில்லை. அவர் வருகிறார் என்று தெரிந்து முந்தின நாளே சிலுவையைப் பெயர்த்து வைக்கோலுக்கு அடியில் போட்டிருந்தேன். கடப்பாரைக்கு அதுதான் வேலை.

கல்லறை இருக்கிறது என்றால் கம்பெனி அந்தத் துண்டை வாங்காது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் பாதை சேராது. முறையாக மாற்ற தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தால் மார்ச் தாண்டிவிடும். படுக்கையில் கிடந்த முத்தம்மாவைப் பார்ப்பேன், போய் அம்மாவைப் பார்ப்பேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை. முத்தம்மாவும் ஷைனியும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சிலுவையைக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் நட்டேன். தாலுகா ஆட்கள் விடியற்காலையில் வந்து அவசரமாக மாற்றிவிட்டார்கள் என்று வீட்டிலும் ஊரிலும் சொன்னேன். ஃபாதரும் புதுசு, என்னை நம்பினார். இப்போது முத்தம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் வெறும் மண்ணுக்குப் பூ வைத்துவிட்டு வருகிறாள்.

எட்டை வேறு பக்கம் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். மேடு அது ஒன்றுதான். எந்தக் காரணத்துக்காக அம்மாவை அங்கே வைத்தோமோ அதே காரணத்துக்காக இன்ஜினியரும் அங்கேயே வந்து நின்றார். மண்ணைச் சமன் செய்ய மிஷின் வேண்டாம் என்று நானே மண்வெட்டியால் செய்தேன். மேலே மேலேதான் செய்தேன், அக்கா. அம்மாவை எதுவும் தொடவில்லை.

அந்த இடம் வந்தால் என்னால் செருப்போடு நடக்க முடியவில்லை. ராஜமாணிக்கம் ஐயா ஒருநாள், "இன்னாபா ஆசீர்வாதம், இங்க வந்தா மட்டும் செருப்ப கயட்டிக்கினு நடக்கிற?" என்றார். வெறுங்காலில் எட்டு போட்டால் சுகர் இன்னும் வேகமாக இறங்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மறுநாள் அவரும் ஷூவைக் கழற்றினார். அப்புறம் ஒவ்வொருத்தராக ஊரே கழற்ற ஆரம்பித்துவிட்டது. புங்கமரத்தடியில் செருப்பு குவிந்து கிடக்கிறது.

வெளியே தெரிந்தால் தோண்டு என்பார்கள், எட்டை மூடு என்பார்கள். நீ ஒன்று கேட்டாய், அந்த ஒன்றையும் நான் காப்பாற்றவில்லை. சோறு இறங்கவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆசீர்வாதம்


ஒடிசா
4 அக்டோபர் 2025

ஆசீர்வாதத்துக்கு,

நலமாக இருக்கிறேன். நீ சாப்பிடு. பட்டினி கிடந்து என்னைப் பயமுறுத்தாதே.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன், பேனா போகவில்லை. அதனால் எழுதவில்லை. உன் மேல் மட்டும் கோபம் என்றால் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு நவம்பரில் ஒன்றில் நான் வந்திருந்தால் அம்மா முறையாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்திருப்பாள், உனக்கு இந்தப் பொய்யெல்லாம் தேவைப்பட்டிருக்காது. 'நான் வந்ததும்' என்று சொல்லி அவளை அங்கேயே காக்க வைத்தவள் நான்.

ராஜமாணிக்கம் ஷூவைக் கழற்றினார் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு வந்த சிரிப்பு. அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

ஊருக்குச் சொல் என்று நான் சொல்லவில்லை. அத்தனை பேர் நடக்கிற இடத்தை மூட எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் முத்தம்மாவிடம் சொல்லிவிடு. வெறும் மண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறாளே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படியடா ஒரே வீட்டில் இருக்கிறாய்? நான் வருவதற்குள் உன் வாயால் சொல்ல வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி கிளம்புகிறேன்.

அக்கா


புதுவாயல்
15 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

முத்தம்மா முதலில் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அப்புறம், "இன்னாயா சொல்ற? இத்தினி நாளா அத்தை மேலயா நான் நடந்துகினு இருந்தேன்? என் கால எதுக்குயா இப்படி ஆக்கின?" என்று கேட்டாள். நான் இந்த வலது காதும் போய்விடக் கூடாதா என்று நின்றேன். ஷைனி எனக்குக் காலை நாஷ்டா கூட வைக்காமல் வேலைக்குப் போய்விட்டாள்.

திட்டினால் தாங்கிக்கொள்வேன். விஷயம் அது இல்லை. மறுநாளிலிருந்து முத்தம்மா ஏரிப் பக்கமே போவதில்லை. இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள், சுகர் ஏறிவிட்டது. நேற்று காலை மில்லிலிருந்து திரும்பி வருகிறேன், தடியை ஊன்றிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறாள். அதே இடம், பக்கத்திலேயே டிரெய்லர் போகிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "வுடுயா, லாரி அடிச்சா அடிக்கட்டும், அத்தைய மிதிக்க என்னால ஆவாது" என்று உதறிவிட்டாள்.

அக்கா, எதற்காக இவ்வளவும் செய்தேனோ அதுவே இல்லாமல் போய்விட்டது. அம்மா மேல் நடக்கலாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. கால் படக் கூடாது என்று சொன்னவள் நீ. நீ சொன்னால்தான் அவள் கேட்பாள். சொல்வாயா என்று கேட்கவும் எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஆசீர்வாதம்


ஒடிசா
21 அக்டோபர் 2025

தம்பிக்கு,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும். இதை முத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டு. உனக்குக் கேட்காவிட்டாலும் அவளுக்குக் கேட்கும்.

முத்தம்மா, நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது இது. நடவுக் காலத்தில் அத்தை பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவாள். இடுப்பு நிமிராது. அடுப்பு பற்ற வைக்காமல் பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வாள். "வாங்க ரெண்டு பேரும், ஏறி மிதிங்க" என்பாள். நான் முதுகில் ஏறுவேன். உன் வீட்டுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பில் நிற்பான். அவளுக்கு வலிக்கும் என்று பயந்து இவன் இறங்கப் பார்ப்பான். "எறங்காதடா, நடந்துகினே இரு, நல்லாக்கீது" என்பாள். நாங்கள் நடக்க நடக்க அப்படியே தூங்கிப்போவாள். அவள் தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகும் இவன் இறங்க மாட்டான், இறங்கினால் விழித்துக்கொள்வாளாம்.

கால் படக் கூடாது என்று எழுதியபோது இதை நான் மறந்துவிட்டேன். நேற்று ஹாஸ்டலில் ஒரு பிள்ளை, "உங்க காலை அமுக்கட்டுமா சிஸ்டர்" என்று கேட்டபோது நினைவு வந்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஆசீர்வாதம், உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. சொல்லாமல் செய்தாயே, அதற்கு. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இரண்டாம் தேதி காலையில் நாம் மூவரும் புங்கமரத்தடிக்குப் போகிறோம்.

முத்தம்மா, நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ரோட்டுக்கு மட்டும் போகாதே. நாளைக்கே போய் செருப்பைக் கழற்றிவிட்டு, தடியை மெதுவாக ஊன்றி நட. அத்தைக்கு நல்லாக்கீதுதான்.

அக்கா